பிள்ளைக்குப் பந்து போடுவது யார், எப்படி? பெங்களூர்ப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

பெங்களூரில் பிள்ளையைக் கிரிக்கெட் அகாடமியில் சேர்த்த எந்த வீட்டிலும் இந்தக் கட்டம் வரும். வலை கட்டிய பேட்டிங் பயிற்சி இடமான நெட்ஸில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பத்து நிமிடம். "மீதியை வீட்டுல பார்த்துக்கோங்க, தினமும் கொஞ்சம் த்ரோடவுன் போடுங்க" என்று கோச் சொல்லிவிடுவார். த்ரோடவுன் என்றால் எதிரே கிட்ட நின்று பந்தைக் கையால் எறிந்து பிள்ளையை அடிக்கவைப்பது. அன்று மாலையே அப்பாவோ அம்மாவோ லெதர் பாலைக் கையில் எடுத்துக்கொண்டு அபார்ட்மெண்டின் பின்பக்கத்துக்கோ தெருக்கோடியில் இருக்கும் காலி மனைக்கோ போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஊமைக்காயம், கட்டைவிரலில் வீக்கம், இரவில் திரும்பிப் படுக்க முடியாத தோள்வலி.

அப்புறம்தான் கேள்விகள் வருகின்றன. நானே போட்டுக்கொண்டிருக்கட்டுமா? காலுக்குப் பேட், உடம்புக்குக் கார்டு எல்லாம் நானும் கட்டிக்கொள்ள வேண்டுமா? டென்னிஸ் பால் போதாதா? பந்து போடும் மெஷினுக்குப் பணம் கட்டிவிடலாமா? அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்கிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு வழியையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பந்து திரும்பி வரும்போது உங்களுக்குக் கிடைக்கும் நேரம். பெரியவர்களின் லெதர் பால் 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை இருக்கும். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விதிகள் சொல்வது 133 முதல் 144 கிராம். அமெரிக்கப் பிள்ளைகள் அடிக்கும் பேஸ்பாலும் ஏறக்குறைய இதே எடைதான், அங்கும் பெற்றோர் இதேபோல் அடி வாங்குகிறார்கள். பதினோரு வயதுப் பிள்ளை நேராக அடிக்கும் பந்து மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் நிற்பவருக்கு அரை நொடி கிடைக்கும். 90 கிலோமீட்டர் என்றால் 0.4 நொடி. கண் பார்த்து, மூளைக்கு எட்டி, உடம்பு அசையத் தொடங்கவே 0.2 நொடி போய்விடும். இதில் நீங்கள் பந்தை எறிந்து முடித்து, ஒரு காலை முன்னே ஊன்றி, தலை குனிந்த நிலையில் இருக்கிறீர்கள். மீதி இருக்கும் நேரத்தில் விலகுவது நடக்காத காரியம். 18 மீட்டர் தள்ளிப் போனால் அதே 70 கிலோமீட்டர் பந்துக்கு 0.9 நொடிக்கு மேல் கிடைக்கும். பாதுகாப்பில் பெரும்பகுதி தூரத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, பிள்ளை முழு மனதோடு அடிக்கிறதா என்பது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, உங்கள் தோளும் முதுகும். நாற்பது வயதுக்கு மேல் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலையில் தோளைக் கொஞ்சமும் தளர்த்தாமல் நூறு பந்து எறிவது, பந்து பட்டு வரும் காயத்தைவிட நீண்ட நாள் வலியைத் தரும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் தொல்லை மற்றவர்களைவிட அதிகம். அப்படி இறுகினால் சரியாக மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும்.

நான்காவது, பிள்ளையின் பாதுகாப்பு. பெற்றோர் அடிபடாமல் இருக்க எடுக்கும் ஏற்பாடு சில நேரம் ஆபத்தைப் பிள்ளை பக்கம் தள்ளிவிடும். செலவு, இடம், வெளிச்சம் எல்லாம் இதற்குப் பிறகு வரட்டும்.

வழி 1: நேருக்கு நேர் நின்று லெதர் பால் போடுவது

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். இதன் பலத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. காசு செலவில்லை, நினைத்தபோது இறங்கலாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கொஞ்சம் முன்னால் போடு என்றால் ஒரு அப்பாவால் திரும்பத் திரும்ப அங்கேயே போட முடியும். பிள்ளையின் கால் நகர்கிறதா, தலை சாய்கிறதா என்று எதிரே நின்று பார்க்கவும் முடியும். பள்ளி, டியூஷன், டிராஃபிக் எல்லாம் போக அப்பாவும் மகளும் ஒன்றாக இருக்கும் ஒரே அரை மணி நேரம் சில வீடுகளில் இதுதான். அதை விட்டுவிடுங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை ஊமைக்காயத்தோடு முடிவதில்லை. பக்கத்துக் கட்டடத்துப் பையன் ஒருவனுக்கு அவன் அம்மாதான் பந்து போடுவார். அவன் அடித்த ஒரு ஸ்டிரெய்ட் டிரைவ் அம்மாவின் முழங்காலில் பட்டு, அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று எழுந்து மறுநாளும் போட்டார். பையன்தான் மாறிப்போனான். நேராக வரும் பந்தையெல்லாம் மணிக்கட்டைத் திருப்பி லெக் பக்கமே தட்டினான். மட்டையின் முகம் ஏன் மூடுகிறது என்று அகாடமியில் கோச் திருத்திக்கொண்டே இருந்தார், காரணம் புரியவில்லை. அவன் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

நல்ல பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள். பந்து போட வருபவர் தன் மேல் பாசமுள்ளவர், பாதுகாப்பு இல்லாமல் நிற்கிறார் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் நேரே ஓங்கி அடிக்காது. பேட்டிங்கில் அடிப்படையே நேர் மட்டைதான். வீட்டில் தினமும் அதை அடக்கிவைத்துப் பழகினால் அந்தப் பயிற்சி கெடுதலில் போய் முடியும். "எனக்கு வலிக்காதுப்பா, நீ அடி" என்று சொல்வது போதாது. கண் எதிரே ஒரு தடுப்பு இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடத்தைப் பற்றி அம்மாக்கள் வெளியே பேசுவதில்லை. மேல்கையிலும் முன்கையிலும் நீலம் பாரித்த அடையாளத்தோடு ஆபீசுக்கோ கிளினிக்குக்கோ போனால் பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். மகனுக்குப் பந்து போட்டேன் என்று சொன்னாலும் நம்பாத பார்வை ஒன்று வரும். அக்கறையால்தான் கேட்கிறார்கள் என்றாலும், ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் சொல்வது சுமைதான்.

உயிருக்கே ஆபத்து வருவது அபூர்வம். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 2014 நவம்பரில் இஸ்ரேலின் அஷ்தோத் நகரில், பந்துவீச்சாளர் முனையில் நின்றிருந்த ஒரு நடுவர், நேராக அடித்த பந்து ஸ்டம்பில் பட்டுத் தெறித்துத் தாக்கியதில் இறந்தார். ஆஸ்திரேலிய நடுவர் புரூஸ் ஆக்ஸன்ஃபோர்டு 2016 ஐபிஎல்லில் கையில் கவசம் மாட்டிக்கொண்டு நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 22 கஜத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் நடுவருக்கே அது தேவைப்பட்டது. நாமோ அதில் பாதி தூரத்தில் நிற்கிறோம்.

இந்த வழி யாருக்குச் சரி? எட்டு ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, லேசான பந்தில், கையைக் கீழிருந்து வீசிப் போடுவதென்றால் சரி. பெரிய பிள்ளைக்கு என்றால் பக்கவாட்டில் நின்று பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது அடிக்கவைக்கும் பயிற்சி மட்டும் போதும். அப்போதும் பிள்ளையின் கை நீளமும் மட்டை நீளமும் சேர்ந்தால் எவ்வளவோ அதைவிடத் தள்ளி நில்லுங்கள், மட்டையே படும் ஆபத்து உண்டு. பதினோரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு, பாதிப் பிட்சில் நின்று, தடுப்பு ஏதும் இல்லாமல், லெதர் பாலை ஓங்கி எறிவதை நிறுத்திவிடுங்கள் என்பதுதான் என் முடிவான கருத்து.

வழி 2: தடுப்பு வலையும் கவசமும் போட்டுக்கொண்டு அதையே செய்வது

பணமும் இடமும் கொஞ்சமாவது இருந்தால் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பேஸ்பால் ஆடும் ஊர்களில் பயிற்சிக்குப் பந்து போடுபவர் முன்னால் எல் வடிவத்தில் ஒரு வலைச் சட்டம் நிற்கும். ஒரு பக்கம் மேல் மூலையில் மட்டும் வெட்டுவிட்டிருப்பார்கள். அந்த இடைவெளி வழியாகக் கையை வீசிப் பந்தை விட்டதும் உடம்பு வலைக்குப் பின்னால் போய்விடும். கிரிக்கெட்டுக்கும் இது அப்படியே பொருந்தும்.

கடையில் வாங்கலாம். இல்லையென்றால் ஏரியாவில் உள்ள வெல்டிங் கடையில் ஜிஐ பைப்பில் ஏழடிக்கு ஏழடி சட்டம் செய்யச் சொல்லி நைலான் வலை கட்டிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை சில உண்டு. கிரிக்கெட் பந்தின் குறுக்களவு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். வலைக் கண் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வேகமாக வரும் பந்து நூலை விரித்துக்கொண்டு நுழையப் பார்க்கும். வலையை ஒட்டி நிற்காதீர்கள். பந்து பட்டால் வலை உள்பக்கம் புடைக்கும், இரண்டடியாவது பின்னால் நில்லுங்கள். பைப் மேல் பந்து பட்டால் பிள்ளை முகத்துக்கே திரும்பிப் பாயலாம், அதனால் முன்பக்கக் குழாய்களில் ஃபோம் சுற்றிவிடுங்கள். வெட்டு இருக்கும் பக்கம் உங்கள் எறிகைக்கு நேராக இருக்க வேண்டும். பந்தை விட்ட பிறகு எங்கே போகிறது என்று அந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

வலைக்கு இடமில்லை, கவசம் மட்டும்தான் முடியும் என்றால் வாங்க வேண்டிய வரிசை இது: முதலில் கிரில் உள்ள ஹெல்மெட், அடுத்து ஆண்களுக்கு எல் கார்டு (அடிவயிற்றுக்குக் கீழே மறைக்கும் கவசம்), அப்புறம் இரண்டு காலுக்கும் பேட், பிறகு செஸ்ட் கார்டு. பலர் பேட் மட்டும் கட்டிக்கொண்டு தைரியமாக நிற்கிறார்கள். அதிகம் அடிபடுவது காலில்தான், உண்மை. ஆனால் காலில் பட்டால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும், கண்ணில் பட்டால் போன பார்வை திரும்பாமலே போகலாம். பேஸ்பாலில் அடித்த பந்து முகத்தில் பட்டு வரும் கண் காயங்களைப் பற்றி டாக்டர்கள் நெடுங்காலமாக எச்சரித்துவருகிறார்கள்.

கேட்ச் பயிற்சி தரும்போதும் பிள்ளை திருப்பி எறியும் பந்தை வெறும் கையில் வாங்காதீர்கள். விரல் நுனியில் நேராகப் பட்டு, நுனிக் கணு தொங்கிப்போய் நிமிர்த்த முடியாமல் போவது பெற்றோருக்கு அடிக்கடி வரும் காயம். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் விரலை நேராகக் கட்டிவைக்க வேண்டும், நடுவில் ஒரு நாள்கூட மடக்கக் கூடாது. கீப்பிங் கிளவ்ஸ் போதும். பேஸ்பால் கிளவ் கிடைத்தால் இன்னும் வசதி. சர்வதேச அணிகளின் ஃபீல்டிங் கோச்சுகள் கையில் இருப்பதும் அதுதான்.

மறைவான செலவு என்றால் சட்டத்தை எங்கே வைப்பது என்பது. அபார்ட்மெண்ட் சங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும், பார்க்கிங்கில் வைத்தால் யாராவது ஆட்சேபிப்பார்கள். மடக்கும் வகையில் செய்துகொண்டால் இந்தச் சண்டை குறையும். முழுக் கவசத்தோடு மே மாத வெயிலில் எறிவதும் களைப்பாகத்தான் இருக்கும். இவை எல்லாமே தாங்கக்கூடிய தொல்லைகள்.

தோள் பிரச்சினையை மட்டும் இந்த வழி தீர்க்காது.

வழி 3: பந்தை மாற்றுவது

டென்னிஸ் பால் 56 முதல் 59.4 கிராம். லெதர் பாலில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே வேகத்தில் வந்தாலும் உடம்பில் இறங்கும் விசையும் அந்த விகிதத்தில் குறையும். அதோடு அது அமுங்கும் பந்து. தொடையில் பட்டால் சுரீரென்று எரியும், சிவக்கும், மறுநாள் மறந்துபோகும்.

குறை என்ன? டென்னிஸ் பால் சிமெண்ட் தரையில் உயர எழும்பும். பிள்ளை நெஞ்சு உயரத்துப் பந்தைக் குறுக்கு மட்டையில் இழுத்து அடிக்கப் பழகிவிடும். லெதர் பால் தாழ்ந்து வரும்போது மட்டை இறங்காது. தையலில் பட்டு நகரும் பந்தையும் பார்த்திருக்காது. அதனால் டென்னிஸ் பாலை ஈரமாக்கியோ, ஹெவி டென்னிஸ் பாலையோ, உள்ளே மென்மையான சிந்தெடிக் பந்தையோ பயன்படுத்துங்கள். எழுச்சி குறையும், மட்டையில் படும் உணர்வும் கொஞ்சம் நெருங்கிவரும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் அகாடமியில் சிறுவர்களுக்கான எடை குறைந்த லெதர் பால்தான் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் எல்லாருக்கும் ஒரே பெரிய பந்துதான்.

இதே வகையில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முறை உண்டு. பழைய சாக்ஸில் பந்தைப் போட்டு முடிந்து, கயிற்றில் கட்டி, பால்கனிக் கம்பியிலோ மாடிக் கொடிக்கம்பத்திலோ தொங்கவிடுவது. நேர் மட்டையில் பட்டால் பந்து நேராகப் போய் நேராகத் திரும்பும். மட்டை சற்றுச் சாய்ந்தாலும் பந்து வட்டமடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எதிரே யாரும் நிற்க வேண்டாம், யாருக்கும் அடியில்லை, செலவு ஒரு கயிறு. தலைகூட நிமிர்த்தாமல் பந்தையே பார்த்து, டக் டக் என்று நூறு தடவை தட்டும் பிள்ளைக்கு நேர் மட்டை தானாக வரும். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்கும், அதனால் ராத்திரி எட்டு மணிக்குமேல் வேண்டாம். பந்து எங்கே குத்தும் என்று கணிக்கும் திறமை, கால் எடுத்துவைப்பது இரண்டும் இதில் வளராது. ஆனாலும் வாரத்தில் நான்கு நாள் இதைச் செய்தால் பெற்றோர் போட வேண்டிய பந்து பாதியாகும்.

வழி 4: சைடார்ம்

நீளமான பிளாஸ்டிக் கைப்பிடி, நுனியில் பந்தைக் கவ்வும் கிண்ணம். இந்திய அணிக்குப் பல வருடமாக இதில் பந்து போடும் ராகவேந்திரா, எல்லோரும் ரகு என்று கூப்பிடுவார்கள், நம் கர்நாடகத்தின் கும்டாவைச் சேர்ந்தவர். அவர் போடும் வேகத்தை எதிர்கொண்டதுதான் வேகப்பந்துக்கு எதிராக அணி மேம்பட ஒரு காரணம் என்று விராட் கோலியே சொல்லியிருக்கிறார்.

பெற்றோருக்கு இதில் வேகம் முக்கியம் இல்லை, தூரம்தான். வெறும் கையில் பத்து மீட்டரிலிருந்து எறிந்தால் கிடைக்கும் வேகத்தைச் சைடார்மில் முழுப் பிட்ச் தூரத்திலிருந்தே கொண்டுவரலாம். தோளுக்கு வேலை குறையும், திரும்பி வரும் பந்துக்கு நேரமும் கிடைக்கும். விலையும் அதிகமில்லை, ஒரு லெதர் பால் வாங்கும் வீட்டுக்குக் கட்டுப்படியாகும்.

ஆனால் முன்பு சொன்ன நான்காவது அளவுகோல் இங்கேதான் வருகிறது. முதல் சில வாரங்களுக்குப் பந்து உங்கள் சொல்பேச்சைக் கேட்காது. கொஞ்சம் சீக்கிரம் விட்டால் தரையில் குத்தாமல் தலை உயரத்துக்கு ஃபுல் டாஸாகப் போகும். 2025 அக்டோபரில் மெல்போர்னில் நெட்ஸில் பேட்டிங் செய்த 17 வயதுப் பையன் ஒருவன், சைடார்மில் போட்ட பந்து கழுத்தில் பட்டு இறந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், கழுத்துப் பாதுகாப்பு மாட்டியிருக்கவில்லை. 2014இல் ஆஸ்திரேலிய வீரர் பில் ஹியூஸ் இறந்ததும் கழுத்தில் பட்ட அடியால்தான். ஆஸ்திரேலியாவில் உயர்மட்டப் போட்டிகளில் வேகப்பந்தை எதிர்கொள்பவர்கள் கழுத்துக் கார்டு அணிவதை 2023 அக்டோபரில் கட்டாயமாக்கினார்கள்.

எனவே சைடார்ம் வாங்கினால் முதலில் பிள்ளை இல்லாமல், சுவரிலோ வலையிலோ ஸ்டம்ப் உயரத்தில் குறி வைத்துப் பழகுங்கள். பத்துக்கு ஒன்பது பந்து பிட்சில் குத்தி எழுகிறது என்ற நிலை வந்த பிறகு டென்னிஸ் பாலில் பிள்ளைக்குப் போடுங்கள். லெதர் பால் அதற்கும் பிறகுதான். அன்றே ஹெல்மெட்டில் கழுத்துக் கார்டையும் மாட்டிவிடுங்கள். அது இல்லாமல் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பதின்மூன்று வயதைத் தாண்டிய, அணிக்காக ஆடத் தொடங்கிய பிள்ளைக்கும், தோள் வலியால் கையால் எறிய முடியாத பெற்றோருக்கும் இது நல்ல வழி. பத்து வயதுப் பிள்ளைக்கு அவசரமே இல்லை.

வழி 5: பணம் கொடுத்துப் போடவைப்பது

இதில் இரண்டு வகை. ஒன்று மெஷின் உள்ள நெட்ஸை மணிக்கணக்கில் எடுப்பது, மற்றது தனியாகப் பந்து போட ஆள் வைப்பது.

மெஷின் ஒரே இடத்தில் சலிக்காமல் போடும். ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பழக இதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஓடிவரும் கால், மேலே எழும் கை, பந்தை விடும் மணிக்கட்டு எதையும் பிள்ளை பார்ப்பதில்லை. பந்தை முன்கூட்டியே கணிக்கும் பழக்கம் அதில் வளராது. மணிக்குச் சில நூறு ரூபாய் என்பது கையாளக்கூடிய தொகைதான், அவுட்டர் ரிங் ரோட்டில் மாலை ஆறரை மணிக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து ஊட்டும் வேலையை நீங்களே செய்தால் மெஷின் முன்னால் வலை இருக்கிறதா என்று பாருங்கள். நேராக அடித்த பந்து மெஷினுக்குப் பின்னால் நிற்பவரைத்தான் தேடி வரும். சொந்தமாக மெஷின் வாங்குவது, நான்கைந்து வீடு சேர்ந்தாலொழிய, ஒரு பிள்ளைக்காக வேண்டாம்.

தனி ஆள் என்றால் பெரும்பாலும் அகாடமியில் ஆடும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். நல்ல கை, நல்ல வேகம், கேட்ட இடத்தில் போடுவார்கள். அவர்களுக்கும் கைச்செலவுக்கு ஆகும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: அந்தப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளை. நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய அடியைக் காசு கொடுத்து அவன் உடம்பில் இறக்குவது சரியில்லை. வலைச் சட்டம், ஹெல்மெட், கார்டு எல்லாம் அவனுக்கும் கொடுங்கள். எத்தனை பந்து என்று கணக்கு வைத்து நிறுத்துங்கள், காலையில் அவன் தன் மேட்சுக்கும் பந்து போட வேண்டியிருக்கும்.

ஒரு பார்வையில்

| வழி | பெற்றோருக்கு அடி | தோள் | பிள்ளை நேரே அடிக்குமா | செலவு | பொருத்தமான வயது |
|---|---|---|---|---|---|
| வெறுமனே லெதர் பால் | அதிகம் | கெடும் | தயங்கும் | இல்லை | பரிந்துரையில்லை |
| வலையும் கவசமும் | மிகக் குறைவு | கெடலாம் | தயங்காது | ஒருமுறைச் செலவு | 10 முதல் |
| லேசான பந்து | லேசாக | பரவாயில்லை | பெரும்பாலும் | மிகக் குறைவு | எல்லா வயதும் |
| தொங்கும் பந்து | இல்லை | தொல்லையில்லை | ஆம் | ஒரு கயிறு | எல்லா வயதும் |
| சைடார்ம் | தூரத்தால் குறைவு | நல்லது | பெரும்பாலும் | குறைவு | 13 முதல், கழுத்துக் கார்டோடு |
| மெஷின் அல்லது ஆள் | வலை இருந்தால் இல்லை | தொல்லையில்லை | ஆம் | தொடர்செலவு | 12 முதல் |

அடிபட்டுவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் படும். முதல் இரண்டு நாள் ஐஸ்தான், துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், நாளைக்கு நான்கைந்து முறை. ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி புளியும் கல் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போட வருவார். சுளுக்குக்கும் பழைய வலிக்கும் அது இதமாக இருக்கும், ஆனால் ரத்தம் கட்டிய புதுக் காயத்தில் முதல் இரண்டு மூன்று நாள் சூடு வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம். தொடைத் தசையில் பலமாக அடிபட்ட இடத்தை அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடும், சில நேரம் அந்த இடத்தில் எலும்பே வளர்ந்து இறுகிவிடும். பாட்டியிடம் அன்பாகச் சொல்லி நான்காம் நாளுக்குத் தள்ளிவையுங்கள். இதயத்துக்காகவோ வேறு எதற்காகவோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சின்ன அடிக்கும் பெரிதாகக் கன்றுவார்கள், அவர்கள் லெதர் பாலுக்கு எதிரே நிற்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மூச்சை இழுத்தால் விலா குத்துகிறது, கீழ்க்கால் கல் மாதிரி இறுகி வலி நேரம் ஆக ஆகக் கூடுகிறது, கால் விரல் மரத்துப்போகிறது, தலையில் பட்ட பிறகு வாந்தி அல்லது மயக்கம், பார்வை மங்கல் என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை. நெஞ்சில் பட்ட அடியால் யாராவது சுருண்டு விழுந்து அசைவற்றுப் போனால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்கி, 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில் படும் அடி, எலும்பை முறிக்காமலே இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அமெரிக்காவில் இது அதிகம் பதிவானது பேஸ்பாலில்தான், அதிலும் நெஞ்சுக்கூடு இன்னும் இறுகாத பிள்ளைகளிடம்.

எந்த வீட்டுக்கு எது

ஒன்பது வயதுப் பிள்ளை, சின்ன ஃபிளாட், மைதானம் தூரம் என்றால் தொங்கும் பந்தும் லேசான பந்தும் போதும், வேறு எதற்கும் காசு போடாதீர்கள். பதினொன்று, பன்னிரண்டு வயது, அபார்ட்மெண்டில் ஒரு மூலை கிடைக்கிறது, எறிய உங்களுக்கு ஆசையும் தெம்பும் இருக்கிறது என்றால் வலைச் சட்டம் செய்துவிடுங்கள். அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால் செலவும் மூன்றாகப் பிரியும், சங்கத்தில் அனுமதியும் எளிதாகக் கிடைக்கும். அம்மா ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கும் வீடானால் வாரநாளில் தொங்கும் பந்து, சனி ஞாயிறு ஒரு மணி நேரம் மெஷின் அல்லது ஆள் என்று பிரித்துக்கொள்ளலாம். சர்க்கரையோ தோள்வலியோ உள்ள அப்பா கையால் எறிவதை இன்றே நிறுத்தி, பிள்ளையின் வயதைப் பொறுத்துச் சைடார்முக்கோ மெஷினுக்கோ மாறட்டும்.

எந்த வழியானாலும் வெளிச்சத்தைப் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் பெங்களூரில் ஆறு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆபீஸ் முடிந்து வந்து, இன்னும் ஆறு பந்து மட்டும் என்று மங்கலில் சிவப்புப் பந்தைப் போடும்போது பல அடிகள் விழுகின்றன. அந்த மாதங்களில் வாரநாள் பயிற்சியை நன்றாக விடிந்த காலைநேரத்துக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் மாலையில் பால்கனியில் தொங்கும் பந்து மட்டும்.

பிள்ளை பதினான்கைத் தாண்டி, நேராக அடிக்கும் பந்தின் சத்தமே மாறிவிட்டது என்று தோன்றும்போது, எறியும் வேலையை வேறு கைக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கவாட்டு வலைக்கு வெளியே போய் நில்லுங்கள். கால் எங்கே போகிறது, தலை எங்கே இருக்கிறது என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். போனில் வீடியோ எடுத்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.